படகின் விலையே மரினா வாடகைக்குப் போனால் எப்படி?

வாசகர் கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். சொந்த ஊர் வல்வெட்டித்துறை. பாட்டா பாய்க்கப்பலில் போனவர். அந்த ஆசை என்னையும் விடவில்லை. இரண்டு வருடம் பாய் ஓட்டப் பழகி, போன மாதம் 1974இல் கட்டிய வெஸ்டர்லி சென்டார் படகு ஒன்றை 4,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டேன். அது இப்போது ஒரு படகு யார்டில் தரையில் நிற்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். படகுகளை வாடகைக்குக் கட்டிவைக்கும் துறையான ஒரு மரினாவில் விசாரித்தேன், வருடத்துக்கு 3,900 பவுண்டு என்றார்கள். படகின் விலையே அவ்வளவுதானே! ஃபேஸ்புக்கில் ஒருவர் தன் ஆற்று மூரிங்கை, அதாவது ஆற்றில் படகு கட்டும் இடத்தை, வருடம் 250 பவுண்டுக்குத் தருகிறேன் என்கிறார். இவ்வளவு மலிவா என்று பயமாகவும் இருக்கிறது. எடுக்கலாமா? வேறு வழி உண்டா? மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வருவார்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 250 பவுண்டு மூரிங்குக்கு இன்றே பணம் கட்டாதீர்கள். மரினாவும் உங்களுக்குத் தேவையில்லை. நீர் வற்றும்போது படகு சேற்றில் அமர்ந்துகொள்கிற மாதிரி, ஓடைக்குள் மறைவான ஓர் இடத்தைத் தேடுங்கள். இங்கே அதை மட் பெர்த் என்பார்கள். எசெக்ஸ், கென்ட் கரைகளில் இது நிறைய உண்டு. மரினாக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். எல்லாப் படகுக்கும் இது சரிவராது, உங்கள் படகுக்குச் சரிவரும். தெரிந்து வாங்கினீர்களோ தெரியாமல் வாங்கினீர்களோ, இந்த விஷயத்தில் நல்ல படகைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

சென்டாரை 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் கட்டினார்கள். 26 அடி நீளம், சுமார் 3 டன் எடை. நடுவில் ஒரே ஆழமான கீலுக்குப் பதிலாக, இடமும் வலமுமாக இரண்டு குட்டைக் கீல்கள். கீல் என்பது நம் ஊரில் படகு கட்டுகிறவர்கள் ஏரா என்று சொல்வதுதான். தண்ணீருக்கு அடியில் 3 அடி, அதாவது 90 சென்டிமீட்டர்தான் இறங்கும். நீர் வற்றினால் இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். ஒற்றைக் கீல் படகு கொஞ்சம் கெட்டியான தரையில் அப்படி நிற்காது, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். அதனால் அவர்கள் எந்நேரமும் ஆழம் உள்ள இடத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். மரினாக்காரர்கள் விற்பதும் அந்த ஆழத்தைத்தான். மிதவைப் பாலம், மின்சாரம், குளியலறை எல்லாம் இருக்கும், உண்மைதான். ஆனால் ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலை அள்ளி அள்ளி வெளியேற்றும் செலவு இருக்கிறதே, அதுவும் உங்கள் பில்லில்தான் வந்து சேரும். படகின் நீளத்தை மீட்டர் கணக்கில் அளந்து கட்டணம் போடுவார்கள். பின்பக்கம் அமரத்தில் தொங்கும் மோட்டாரையும் முன்பக்கம் அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தையும் சேர்த்து அளக்கும் இடங்களும் உண்டு. சொன்ன தொகையில் 20 சதவீத வாட் வரி அடக்கமா இல்லையா என்று எப்போதும் கேளுங்கள்.

இனி ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதைப் பற்றி. நான் தூத்துக்குடிக்காரன். உங்கள் ஊர்க் கடலானாலும் எங்கள் ஊர்க் கடலானாலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் தேறாது. தோணியை எங்கே கட்டுவது என்று யோசிக்கும்போது காற்றைத்தான் பார்ப்போம், ஓதத்தைப் பெரிதாக நினைப்பதில்லை. இங்கே வந்த புதிதில் எனக்கும் அது பிடிபடவில்லை. மெட்வே ஆற்றின் வாயில் இருக்கும் ஷியர்னஸில் பெரிய ஏற்ற நாட்களில் நீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. காலையில் நீங்கள் பார்த்த ஆறு மதியம் சேற்றுவெளியாகக் கிடக்கும். ஆக, இந்தக் கரையில் மூரிங்கின் விலை எத்தனை மணி நேரம் தண்ணீர் இருக்கும் என்பதைப் பொறுத்தது. தண்ணீர் நேரம் குறைந்தால் வாடகையும் குறையும். நேரத்தை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஓடையில் சேறு, கடல் வரைபடத்தில் உயரங்களை அளக்கத் தொடங்கும் அடிமட்டத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் படகுக்கு 90 சென்டிமீட்டர், பாதுகாப்புக்கு இன்னொரு 30. நீர்மட்டம் 4.2 மீட்டருக்கு வந்தால் புறப்படலாம். ஷியர்னஸில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் சராசரியாக 5.8 மீட்டர், வற்றம் 0.6. வித்தியாசம் 5.2 மீட்டர். இது ஒரே வேகத்தில் இறங்காது. ஆறு மணி நேரத்தில் முதல் மணிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்த மணிக்கு இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளுக்கு மும்மூன்று, ஐந்தாம் மணிக்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று என்று இறங்கும். மீனவர்கள் கண்ணாலேயே போடும் கணக்கு இது. முதல் இரண்டு மணி நேரத்தில் 1.3 மீட்டர் இறங்கும். அதற்கப்புறம் நீர் விறுவிறுவென்று ஓடும், மேலும் கால் மணி நேரத்தில் 4.2க்கு வந்துவிடும். அதாவது உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டே கால் மணி நேரம், மொத்தம் நாலரை மணி நேரம் உங்கள் இடத்தில் படகு மிதக்கும். அட்டமியை ஒட்டிய சின்ன ஏற்றத்தில் நீர் 4.7 வரைதான் வரும், வற்றும்போது 1.5இல் நிற்கும். அதே கணக்கைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் மூன்று மணி நேரம் கூட இல்லை.

இதைப் பார்த்ததும் மூன்று மணி நேரத்துக்கா ஒரு படகு என்று தோன்றும். அப்படி இல்லை. வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரிய ஏற்றம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றரை இரண்டு நாள் கழித்து வரும். ஒவ்வொரு துறையிலும் அது நாளின் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். ஷியர்னஸ் பக்கம் கோடை நேரக் கணக்கில் பகல் ஒன்றரை இரண்டு மணி வாக்கில். அந்த வாரக் கடைசிகளில் பதினொன்றரை பன்னிரண்டுக்குப் படகை அவிழ்த்து, சோற்றுப் பொட்டலத்தைக் கடலில் பிரித்துச் சாப்பிட்டு, மூன்றரைக்குத் திரும்பிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். அட்டமிக்கு அடுத்து வரும் சின்ன ஏற்றமோ காலை ஏழு மணி வாக்கிலும் மாலை ஏழு ஏழரைக்கும் வரும். காலை ஏற்றத்தில் போய் மாலை ஏற்றத்தில் வந்தால் முழுப் பகலும் உங்களுக்குத்தான். மிதக்கும் நேரம் குறைவாக இருக்கிற நாளில்தான் நீண்ட பயணம் வாய்க்கிறது. சேற்றில் படகு வைத்திருப்பவர்கள் வருடத்தின் நாட்களை இப்படித்தான் முன்கூட்டியே குறித்து வைப்பார்கள். ஏற்றத்துக்கு ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இறங்கு நீரில் தாமதமாகத் திரும்பினால் ஓடைக்கு வெளியே நங்கூரம் போட்டு நடு இரவுவரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு தடவையாவது அது எல்லோருக்கும் நடக்கும். போர்வை, பிஸ்கட், குடிநீர் எப்போதும் படகில் இருக்கட்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சேறு 3 மீட்டருக்குப் பதில் 3.6 மீட்டர் உயரத்தில் இருந்தால்? சின்ன ஏற்றம் 4.7இல் நின்றுவிடும். சேற்றுக்கு மேல் 1.1 மீட்டர் நீர், உங்கள் படகுக்கு 90 சென்டிமீட்டர். மிச்சம் ஒரு சாண். வானிலைக் காற்றழுத்தம் வழக்கத்தைவிட 10 மில்லிபார் கூடினாலே நீர்மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் குறையும். அழகாக வெயில் அடிக்கும் உயர் அழுத்த வாரத்தில், நீங்கள் லீவு போட்ட அதே வாரத்தில், படகு சேற்றைவிட்டு எழும்பாமலே போகலாம். அதனால் இடத்தைக் காட்டுகிறவரிடம் எத்தனை மணி நேரம் மிதக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மாதத்தின் மிகச் சின்ன ஏற்றத்திலும் 3 அடிப் படகு மிதக்குமா என்று கேளுங்கள். பக்கத்துப் படகுக்காரரிடமும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம்.

சரி, எங்கே தேடுவது? மலிவான இடம் கிடைத்தது என்று இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போகிற இடத்தில் படகைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் பதினைந்து தடவை போவார்கள், அடுத்த வருடம் நாலு தடவை, அப்புறம் படகு விற்பனைக்கு வரும். ஈஸ்ட் ஹாமிலிருந்து முதலில் ஏ13 பாதையில் போய் எசெக்ஸ் கரையைப் பாருங்கள். பார்க்கிங் நிலையத்தில் சவுத்எண்ட் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் பென்ஃபிளீட். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே ஓடை தெரியும், சேற்றில் நிற்கும் படகுகளும் தெரியும். அடுத்த நிலையம் லீ-ஆன்-சீ. அது திறந்த கழிமுகத்தைப் பார்த்த இடம். தெற்குக் காற்றோ கிழக்குக் காற்றோ அடிக்கும் நாளில் அலை நேராக வந்து மோதும், அதனால் வெளிப்பக்கத்து மூரிங்கைவிட உள்ளே ஓடைக்குள் இருப்பதைக் கேளுங்கள். குரௌச் ஆற்றில் நார்த் ஃபாம்பிரிட்ஜும் பர்னமும் விக்ஃபோர்டிலிருந்து பிரியும் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. அங்கே ஆழமான நீரில் போயா மூரிங்தான் அதிகம், அதாவது அடியில் கல்லோடு சங்கிலியால் பிணைத்த மிதவையில் படகைக் கட்டுவது. இன்னும் வடக்கே போனால் பிளாக்வாட்டர் கழிமுகத்தில் மால்டன், ஹெய்பிரிட்ஜ், டோல்ஸ்பரி. டோல்ஸ்பரியின் உப்புச் சதுப்புக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு படகு தன் அச்சிலேயே பதிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவு அமைதியான இடம். கென்ட் பக்கம் மெட்வேயில் ஹூ, ஜில்லிங்ஹம், ஸ்வேலில் குவீன்பரோ, கான்யர், ஓர், ஃபாவர்ஷம் எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் நீங்கள் டார்ட்ஃபோர்டில் ஆற்றைக் கடந்தாக வேண்டும். காலை 6 முதல் இரவு 10 வரை போகவும் வரவும் அங்கே கட்டணம். வருடத்துக்கு முப்பது தடவை என்று பெருக்கி வாடகையோடு சேர்த்துப் பாருங்கள்.

இணையத்தில் தேடினால் பெரிய மரினாக்கள்தான் முதலில் வரும். மலிவான இடங்கள் விளம்பரமே செய்வதில்லை, அவற்றுக்குத் தேவையும் இல்லை. ஓடைக்கரையில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன யார்டு, இல்லையென்றால் உறுப்பினர்களே நடத்தும் பாய்ப்படகு மன்றம், இந்த இரண்டிலும்தான் கிடைக்கும். மன்றத்தில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், வேலையை அவர்களே செய்துகொள்கிறார்கள். வருடத்தில் சில நாள் நீங்களும் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, கம்பம் நட்டு, பலகை அடித்து, சங்கிலி தூக்க வேண்டும். உறுப்பினர் சந்தா தனி, மூரிங் கட்டணம் தனி. காத்திருப்போர் பட்டியல் இருக்கும். மூன்று நான்கு இடத்தில் பெயர் கொடுத்து வைப்பதில் தப்பில்லை.

தொலைபேசியில் கேட்டால் இடம் இல்லை என்பார்கள். நேரில் போங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களில் ஏதாவது ஒரு சனிக்கிழமை கிரேன் வைத்துப் படகுகளை நீரில் இறக்குவார்கள். அன்று மூரிங் பொறுப்பாளர் கட்டாயம் அங்கே இருப்பார். போன வருடம் படகை விற்றவர் யார், உடம்புக்கு முடியாமல் இந்த வருடம் இறக்காதவர் யார் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு தாளில் படகின் பெயர், நீளம், ஆழம், எடை, இரட்டைக் கீல், காப்பீட்டு விவரம் எழுதி, உங்கள் எண்ணையும் போட்டுக் கையில் கொடுங்கள். நம் ஆட்களை அந்தக் கரைகளில் அதிகம் பார்க்க முடியாது. அதனால் முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நான் முதல் தடவை போனபோது ஒருவர் பேச்சு எதுவும் இல்லாமல் ஒரு கயிற்று முனையை என் கையில் கொடுத்து, பிடியுங்கள் என்றார். அன்று மாலைக்குள் நான்கு பேரின் பெயர் தெரிந்திருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனதை அவர்களிடம் சொல்லுங்கள். பாய்ப்படகுக்காரர்கள் அதைக் கேட்டால் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

ஒருவேளை, நாமே ஒரு கல்லைப் போட்டு மூரிங் அமைத்துக்கொண்டால் என்ன என்று யோசனை வரலாம். முடியாது. ஆற்றுப் படுகைக்கும் கடற்படுகைக்கும் உரிமையாளர் உண்டு. இங்கிலாந்தைச் சுற்றிப் பெரும்பகுதி அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டுடையது. அதற்கு மேல் துறைமுக ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். தேம்ஸுக்குப் போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டி, குரௌச்சுக்குக் குரௌச் ஹார்பர் அத்தாரிட்டி என்று ஆற்றுக்கு ஆறு மாறும்.

இந்த இடத்தில்தான் ஃபேஸ்புக்காரரின் 250 பவுண்டுக்கு வருகிறேன். மலிவாக இருப்பது குற்றமில்லை. நல்ல மூரிங் அந்த விலைக்கும் கிடைக்கும். ஆனால் மூரிங் உரிமம் பெரும்பாலும் ஒருவர் பெயருக்கு, ஒரு படகுக்குக் கொடுக்கப்படுவது. அவர் அதை உங்களுக்கு உள்வாடகைக்கு விட ஆணையம் சம்மதிக்கிறதா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, அது எந்த அளவு படகுக்குப் போட்டது? கடைசியாக எப்போது மேலே தூக்கிப் பார்த்தார்கள், யார் பார்த்தார்கள், ரசீது இருக்கிறதா?

ஏன் இவ்வளவு கேட்கச் சொல்கிறேன் என்றால், மூரிங்கில் கெட்டுப்போவது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் போயா மூரிங்கைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார். போயா புத்தம் புதிது, பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். அதன் கீழே முதல் இரண்டு மீட்டர் சங்கிலியும் நன்றாகவே இருந்தது. படகில் வைத்த கப்பியால் முழுவதையும் தூக்கினோம். சேற்றைத் தொடும் இடத்துக்கு வந்தபோது அந்தக் கண்ணிகளைப் பார்த்து அவர் பேசவில்லை. 13 மில்லிமீட்டர் கம்பியில் செய்த சங்கிலி, கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் சங்கிலியின் அந்த ஒரு முழம் மேலே எழும்பிக் கீழே விழுகிறது. நடுவே வண்டலும் மணலும் புகுந்து அரம்போல அராவுகிறது. மேலேயும் கெடாது, புதைந்து கிடக்கும் அடிச்சங்கிலியும் அவ்வளவாகக் கெடாது, நடுவில் அந்த முழம்தான் போகும். மூன்றில் ஒரு பங்கு தேய்ந்தாலே மாற்றிவிடுங்கள் என்பது என் பேச்சு. சங்கிலிகளை இணைக்கும் வளையமான ஷாக்கிளின் ஆணியைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கட்டாத ஆணி ஆட்டத்திலேயே மெதுவாகக் கழன்றுவிடும். துத்தநாகம் பூசிய சங்கிலியோடு ஸ்டெயின்லெஸ் ஷாக்கிளைச் சேர்க்கவே கூடாது. உப்பு நீரில் இரண்டும் சேர்ந்தால் சங்கிலியைத் தின்றுவிடும்.

அடியில் கிடக்கும் கல்லின் எடையையும் கேளுங்கள். ஒரு டன் கான்கிரீட் போட்டிருக்கிறேன் என்பார்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ, அதே அளவு கடல்நீர் 1,025 கிலோ. அதனால் தண்ணீருக்குள் போனதும் அந்த ஒரு டன்னின் எடை 570 கிலோவாகக் குறைந்துவிடும். வார்ப்பிரும்பு என்றால் ஒரு டன்னுக்கு 850 கிலோவுக்கு மேல் நிற்கும். பழைய ரயில் சக்கரங்களை மூரிங்குக்குத் தேடி வாங்குவது அதனால்தான். சேற்றில் நன்றாகப் புதைந்த கல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் போட்ட முதல் மாதத்திலேயே அதை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவர் ரசீதோடு பதில் சொன்னால், தாராளமாக எடுங்கள். கேட்டதற்கே கோபித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

ஆற்று நடுவில் போயா மூரிங் எடுப்பதற்கு வேறு ஒரு செலவும் உண்டு, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. படகுக்குப் போக டிங்கி என்கிற ஒரு குட்டிப் படகு வேண்டும், அதைக் கரையில் வைக்க இடவாடகை, அதற்கொரு சின்ன மோட்டார், மோட்டார் திருட்டுப் போகாமல் தினமும் வீட்டுக்குத் தூக்கி வருகிற வேலை. குளிர்காலத்துக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஆற்று மூரிங்கில் படகை விட ஒத்துக்கொள்ளாது. நவம்பருக்குள் கிரேன் பிடித்துத் தரையேற்றி, வசந்தத்தில் மறுபடி இறக்க வேண்டும். கிரேனுக்குப் போக ஒன்று, வர ஒன்று, தரை வாடகை தனி. இதையெல்லாம் கூட்டினால் 250 பவுண்டு அந்த இடத்தில் நிற்காது. ஓடைக்குள் இருக்கும் சேற்று இடத்தில் பெரும்பாலும் ஒரு பலகை நடையோ சின்ன மரப்பாலமோ இருக்கும், நேராக ஏறிவிடலாம். குளிர்காலத்திலும் பல இடங்களில் அங்கேயே விடலாம், சேறு படகைக் கைக்குள் வைத்தமாதிரி பிடித்துக்கொள்ளும். என் கணக்கில் உங்களுக்கு மிச்சமாகும் பணத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. காப்பீட்டுக்காரரிடம் இடத்தின் தன்மையை மறைக்காமல் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் யாரும் இடம் தரமாட்டார்கள், பெரும்பாலும் 20 லட்சம் அல்லது 30 லட்சம் பவுண்டுக்குக் கேட்பார்கள். தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இந்த அளவு படகுக்குப் பிரீமியம் குறைவுதான்.

பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் மிகவும் பயப்படுவது பெரிய படகைப் பற்றி அல்ல, டிங்கியைப் பற்றித்தான். கரைக்கும் படகுக்கும் நடுவே அந்த ஐம்பது மீட்டரில்தான் ஆட்கள் தண்ணீரில் விழுகிறார்கள். இருட்டில், கனத்த உடுப்போடு, ஒரு ஆள் அதிகமாக ஏற்றிக்கொண்டு. டிங்கியில் கால் வைக்கும் முன்பே எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, உங்களுக்கும் சேர்த்து. மோட்டார் இருந்தாலும் துடுப்பு இரண்டும் உள்ளே இருக்கட்டும். சேற்றைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். மேலே பார்த்தால் நடக்கலாம் போலிருக்கும், இடுப்பளவு இழுத்துக்கொள்ளும். அப்புறம் நீர் ஏறத் தொடங்கும். இடத்தை வற்றத்தில் பார்க்கப் போகும்போது நீங்களும் தனியாக இறங்காதீர்கள். கரையிலிருந்தே பாருங்கள், படகு உட்காரப்போகும் குழியில் பழைய கம்பமோ, நங்கூரமோ, கல்லோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. சேறு மெத்தென்று இருந்தால் நல்லது. கெட்டி மணலோ சரளையோ என்றால், நீர் ஏறும் நேரத்தில் ஒவ்வொரு அலைக்கும் கீல்கள் தரையில் டங் டங் என்று இடிக்கும். அந்த இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சென்டார் என்பதால் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த மாடலின் பலவீனம் கீல் உடம்போடு சேரும் இடம். இரண்டு கீல்களும் வெளிப்பக்கம் விரிந்து நிற்பதால், ஐம்பது வருடம் தரையில் அமர்ந்து எழுந்ததில் அந்தப் பொருத்து நெகிழ்ந்திருக்கலாம். நிறையப் படகுகளுக்கு உள்ளிருந்து கண்ணாடி இழை போட்டு வலுப்படுத்தியிருக்கிறார்கள், உங்களுடையதற்கும் செய்தார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள். படகு தரையில் நிற்கிற இப்போதுதான் பார்க்கவும் வசதி. கேபின் தரைப் பலகையைத் தூக்கி, கீல் ஆணிகளைச் சுற்றி ஈரமோ துருவோ கசிந்திருக்கிறதா, வெளியே கீலின் மேல் விளிம்பில் தலைமுடி போல விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் பெயின்ட் மட்டும் வெடித்திருந்தால் பெரிய விஷயமில்லை. விரிசலிலிருந்து துருநீர் வடிந்து காய்ந்த தடம் இருந்தால், அதைச் சரிபண்ணாமல் சேற்றில் இறக்காதீர்கள். மூன்று டன் எடை நாளைக்கு இரண்டு தடவை அந்தப் பொருத்தின்மேல் உட்காரப்போகிறது.

ஏப்ரலுக்குள் நல்ல இடம் அமையாவிட்டால் அவசரப்பட்டு வருட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது இருக்கும் யார்டிலேயே இன்னும் ஆறு வாரம் தரை வாடகை கேளுங்கள், இல்லையென்றால் மேயிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் என்று ஒரு போயாவைக் குறுகிய காலத்துக்கு எடுங்கள். அக்டோபரில் படகுகள் தரையேறும்போது இடங்கள் கைமாறும். அடுத்த அமாவாசை தாண்டி இரண்டாம் நாள் காலையில் பென்ஃபிளீட்டுக்கு ரயில் ஏறுங்கள். நீர் அடிமட்டத்தில் இருக்கும்போது ஓடையைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று பகலில் அது நிரம்புவதையும் பாருங்கள். கீல் பொருத்தின் படங்களை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எடுத்து, பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்து, எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.